ஒரு கிலோவுக்கு மேல் தூக்காத கை

ஆபரேஷன் செய்தவருக்கு மாலை, அதற்குப் பிறகு ஒரு வருஷம் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்கு வசவு: இதுதான் பிசியோதெரபி. பதினெட்டு வருஷமாக அம்பத்தூர் பக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். காலையில் ஒரு எலும்பு மருத்துவமனை. சாயங்காலம் கள்ளிக்குப்பத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேலே என் சொந்த கிளினிக். கீழே மிஷின் ஓடினால் மேலே கட்டிலும் நோயாளியும் சேர்ந்து அதிரும். அதுவும் சிகிச்சையில் சேர்த்தி என்று நினைத்து நன்றி சொன்னவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்காவது எங்கோ ஒரு மூட்டு மக்கர் பண்ணிக்கொண்டிருக்கும். மீதிப் பேர் அப்படி ஒருவரை வண்டியில் உட்காரவைத்து என்னைப் போன்ற ஒருத்தியிடம் கூட்டிப்போயிருப்பீர்கள். "வீட்ல எக்சர்சைஸ் பண்ணீங்களா?" என்று அவள் கேட்டதும் சுவரில் மாட்டியிருக்கும் எலும்புக்கூடு படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்திருப்பீர்கள். ஆகவே நாம் அந்நியர்கள் இல்லை, தயங்காமல் சொல்லலாம்.

முழங்கால் மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். முழங்கையையும் மாற்றுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. முடக்குவாதம் வந்து, வருஷக்கணக்கில் வீங்கி வீங்கி, மூட்டு அரித்துப்போனவர்களுக்கு அதைச் செய்கிறார்கள். நான் சொல்லப்போவது அப்படி ஒரு முழங்கையைப் பற்றி. தேவகியின் வலது முழங்கை.

கைக்கு எதுக்கு?

தேவகிக்கு நாற்பத்தாறு வயது. கள்ளிக்குப்பத்தில் வீடு. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள். இருபத்தொன்பது வயதில் முடக்குவாதம் வந்து, விரல்கள் கோணி, வேலை போயிற்று. முதல் தடவை நான் பார்த்தபோது அவள் வலது முழங்கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. கை வாய்க்கு எட்டாது. அதனால் வாயைத் தட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவாள். தலை வாரிக்கொள்ள முடியாது என்று முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டிருந்தாள். யாராவது கேட்டால் திருப்பதியில் மொட்டை போட்டது வளர்கிறது என்பாள். நாலு வருஷமாக அதே மொட்டைதான் வளர்ந்துகொண்டிருந்தது.

மருத்துவமனையில் காத்திருக்கும் கூடம் முழங்கால்காரர்களின் ராஜ்ஜியம். யாருக்கு எந்த டாக்டர், யாருக்கு எத்தனை தையல், மாடி ஏற எத்தனை நாள் என்று அவர்களுக்குள் தினமும் மாநாடு நடக்கும். அதில் ஒற்றை முழங்கையாகப் போய் உட்கார்ந்தாள் தேவகி. இரண்டு காலையும் மாற்றிக்கொண்ட ஒரு அம்மாள், அந்தக் கூட்டத்தின் தலைவி மாதிரி, அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கால்னா நடக்கணும், பண்றாங்கோ, சரி. கைக்கு எதுக்கும்மா ஆபரேசன்? அதான் இன்னொரு கை கீதே!"

துவரம்பருப்பு பாக்கெட்

பங்குனி மாதம் ஆபரேஷன் நடந்தது. இரண்டரை மணி நேரம். ஒன்றரை மாதத்தில் வலி போயிற்று. வலி போவதுதான் இந்த ஆபரேஷனின் பெரிய லாபம். அதுதான் பெரிய ஆபத்தும், அதற்கு வருகிறேன்.

உள்ளே வைத்திருப்பது கதவுக் கீல் மாதிரி ஒரு சாமான். முழங்காலில் வைக்கிற சாமானைப் போல அது பாரம் தாங்காது. ஒரு கிலோவுக்கு மேல் அந்தக் கையால் தூக்கக் கூடாது. ஒரு மாதமோ ஒரு வருஷமோ இல்லை, ஆயுள் முழுக்க. கிலோ என்று வாயால் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது என்பதால் நான் ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்துக் காட்டுவேன். தேவகிக்கும் அவள் கணவர் ஏழுமலைக்கும் காட்டினேன். ஏழுமலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறவர், நூலளவு பிசகினாலும் பொறுக்காத மனுஷர். பாக்கெட்டை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்து, மேலே அச்சடித்த எடையையும் படித்துவிட்டுத் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வந்தது. பதினெட்டு வருஷ அனுபவத்தில் நான் கற்றுக்கொள்ளாதது, அப்படி நம்பாமல் இருப்பது ஒன்றுதான்.

அடுத்த வாரம் தேவகி முழங்கை வீங்கி வந்து நின்றாள். விசாரித்தேன். ரேஷன் அரிசி இருபது கிலோ வாங்கி வாசலில் வைத்திருக்கிறார்கள். அது உள்ளே டிரம்முக்குப் போகவேண்டும். ஏழுமலை ஒரு டப்பாவில் சரியாக ஒரு கிலோ அளந்து அளந்து கொடுத்திருக்கிறார், அவள் இருபது நடை நடந்து கொட்டியிருக்கிறாள். அவரே மூட்டையைத் தூக்கிப்போய்க் கவிழ்த்திருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். "திரும்பத் திரும்பத் தூக்கக் கூடாதுன்னும் சொன்னேனே!" என்று கத்தினேன். அவர் என்னைவிட வருத்தமாகப் பதில் சொன்னார்: "ஒரு தபாகூட ஒரு கிலோவுக்கு மேல போவல மேடம், எடை போட்டுத்தான் குட்த்தேன்."

ஷட்டர்

அயனம்பாக்கம் பலராமனையும் இங்கே சொல்லியாகவேண்டும். அறுபது வயது. ஏரிக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம், இப்போது அவருக்கு ஒரு ஹார்டுவேர் கடை. அவருக்கும் முடக்குவாதம், அதே ஆபரேஷன், தேவகிக்கு ஒரு வருஷம் முந்தி. ஆறே மாதத்தில் கை சுகமாயிற்று. சுகமானதும் தினமும் காலையில் கடை ஷட்டரை அந்தக் கையாலேயே தம் கட்டித் தூக்க ஆரம்பித்தார். கடையில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். முதலாளி கையால் திறந்தால்தான் வியாபாரம் ஆகும் என்பது அவர் கட்சி.

கீல் எலும்புக்குள் ஆட்டம் கண்டுவிட்டது. அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு சர்ஜன் சொன்னது தேவகி காதிலும் விழுந்தது, அவள் பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தாள். இரண்டாம் தடவை போடுவது முதல் தடவை மாதிரி இல்லை. வாதத்தில் ஏற்கனவே எலும்பு சன்னமாகிப்போயிருக்கும், கழன்ற சாமானை எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். மறுபடி வைக்க இடம் இருக்குமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். தேவகி அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பும்வரை இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதுவரைக்கும் நான் வாய் வலிக்கச் சொன்னதை எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அவள் புரிந்துகொண்டாள்.

பலராமனுக்குத்தான் புரியவில்லை. ஏன் ஐயா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு என்மேலேயே பாய்ந்தார்: "வலியே இல்லாத கைய வச்சிகினு சும்மா நில்லுன்னா எப்டிம்மா நிக்கிறது?"

பத்துக்கு எத்தனை

ஒரு வருஷம் முடிந்ததும் மருத்துவமனை ஒரு படிவம் நிரப்பச் சொல்லும். ஆபரேஷனின் பலன் என்ன என்று மார்க் போடும் படிவம். நிரப்புவது என் வேலை. இங்கிலீஷில் இருந்ததை யாரோ ஒரு புண்ணியவான் தமிழ்ப்படுத்தியிருந்தார். "தாங்கள் கேசம் வாரிக்கொள்ள இயல்கிறதா? தாங்களே உணவு உட்கொள்ள இயல்கிறதா?" என்று போகும்.

முதல் கேள்வி வலி. பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் எவ்வளவு என்றேன். "ரெண்டு," என்றார் ஏழுமலை. உங்களைக் கேட்கவில்லை என்றேன். "அவளுக்கு எல்லாம் ரெண்டுதான் மேடம், எனக்குத் தெரியாதா?" என்றார். தேவகி, வலி பூஜ்யம், ஆனால் சுண்டு விரல் மட்டும் ஆபரேஷனிலிருந்து மரத்துக் கிடக்கிறது என்றாள். படிவத்தில் சுண்டு விரலுக்கு இடம் இல்லை. "போனா போவுது, சுண்டு வெரல வச்சி யாரு சோறு பெசையறா?" என்று அவளே அதை முடித்துவைத்தாள். காலணியின் கயிறு கட்ட இயல்கிறதா என்ற கேள்விக்கு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஷூ போட்டதில்லையாம். நான் இயல்கிறது என்று குறித்தேன், எதற்கு ஐந்து மார்க்கை விடவேண்டும்?

சர்ஜன் வந்தார். தேவகியைப் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி அதைப் பார்த்தார். "பியூட்டிஃபுல்!" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போனார். மொத்தத்தில் 'மிகச் சிறப்பு' என்று வந்தது. காகிதத்தை மடிக்கும்போது தேவகி மெதுவாகக் கேட்டாள். தோள்வரை வளர்ந்திருந்த முடியை அன்றைக்கு அவளே வாரிப் பின்னியிருந்தாள். "தட்டுல மூஞ்ச வச்சி துன்றது நின்னுச்சான்னு ஒரு கேள்வி போட்டிருக்கலாம் இல்ல மேடம்?"

நாத்தனாரின் வேண்டுதல்

'மிகச் சிறப்பு' வந்த கையோடு ஆடி வந்தது. ஆவடிக்கு அந்தப் பக்கம் வெள்ளானூரில் இருக்கிறார் ஏழுமலையின் அக்கா பச்சையம்மா. அவரைப் பற்றி நான் நல்லதாகவே சொல்லவேண்டும். தேவகி கை முடங்கிக் கிடந்த வருஷங்களில் ஞாயிறு தவறாமல் வந்து, துணி துவைத்து, குழம்பு வைத்து, தேவகிக்குத் தலையும் தேய்த்துவிட்டவர். அதே சமயம் அதை ஒரு ஞாயிறுகூட சொல்லிக்காட்டாமல் போகாதவர்.

ஆபரேஷன் அன்றைக்குத் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து அவர் ஒரு காரியம் செய்திருக்கிறார். கை நல்லபடியானால் தேவகி வீட்டுத் தெருக்கோடி அம்மனுக்கு ஆடி மாதம் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். இவர் எடுப்பதாக இல்லை. தேவகி, அந்தக் கையாலேயே! மண்சட்டி, அதில் பாதி மணல், மேலே கட்டை, கற்பூரம், எல்லாம் சேர்ந்து ஆறேழு கிலோவாவது வரும். இரண்டு கையிலும் ஏந்தி மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு மூன்று தெரு சுற்றவேண்டும். முழங்கை நன்றாக ஆனதற்கு நன்றியாக முழங்கையைக் கழற்றிக் கொடுப்பது என்று ஏற்பாடு. போன ஆடியில் கட்டுப் பிரித்த புதுசு என்று விட்டுவிட்டார்கள். இந்த ஆடிக்கு விடுவதாக இல்லை. திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னால்தான் தேவகி எனக்குச் சொன்னாள். வெள்ளானூருக்கு உடனே போன் போட்டேன். அந்தக் கை கழன்றால் மறுபடி வைக்கமுடியுமோ முடியாதோ என்று விளக்கினேன். சின்னச் சட்டியாக எடுக்கலாமே என்றுகூடப் பேரம் பேசிப் பார்த்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார் பச்சையம்மா. பிறகு சொன்னார்: "நீ படிச்ச படிப்பு கைய மட்டும் பாக்குது டாக்டரம்மா, ஆத்தா ஆள் மொத்தத்தையும் பாத்துகினு கீறா."

பட்டறைக்காரர்

கடைசியில் ஏழுமலையைப் பிடித்தேன். வீட்டுக்கே போனேன். பதினாறு மாதமாக அந்தக் கையைப் பற்றி இந்த மனுஷரிடம் பேசியிருக்கிறேன். உங்கள் மனைவி, அவருடைய கை, அவருடைய எலும்பு, அவருடைய வலி என்று எல்லாவிதத்திலும் சொல்லியாயிற்று. அன்றைக்கும் அதையே ஆரம்பித்தேன். "அக்கா பேச்ச எப்டி மேடம் தட்றது?" என்றார். எனக்குச் சலித்துப்போயிற்று. எக்ஸ்ரேயையாவது பாருங்கள் என்றேன். அதுவரை அவர் அதைப் பார்த்ததே இல்லை. பீரோ மேலே பழைய காலண்டரோடு சுருட்டி வைத்திருந்ததை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

பிடித்தவர் கையைக் கீழே இறக்கவில்லை. "இது இன்னா மேடம், ரெண்டு ராடு, நடுவுல பின்னு... பின்னுக்கு வெளிய இன்னா கீது, புஷ்ஷா?" இரும்பும் இரும்பும் நேராக உரசாமல் இருக்க நடுவில் வைக்கிற வளையத்தைத்தான் அவர்கள் பட்டறையில் அப்படிச் சொல்வார்களாம். ஆமாம் என்றேன்.

"இன்னா மெட்டீரியல்?"

"பிளாஸ்டிக்."

"கிரீஸ்?"

"போடமுடியாது."

"தேஞ்சா?"

"கையைத் திறந்துதான் மாத்தணும்."

ஏழுமலைக்கு முகம் வெளுத்துவிட்டது. "பிளாஸ்டிக் புஷ்ஷ வச்சிகினு ஏழு கிலோ லோடா? எவன் சொன்னான் ஏத்தச் சொல்லி?" என்று வீடே அதிரக் கத்தினார். சமையல்கட்டிலிருந்து தேவகி எட்டிப் பார்த்தாள். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மிஷினுக்கு இந்த ஆள் காட்டுகிற மரியாதையில் பாதியை அந்த மிஷின் இருக்கிற பெண்ணுக்குக் காட்டியிருந்தால் நான் வந்திருக்கவே வேண்டாம். கோபமாகத்தான் இருந்தது. ஆனால் காரியம் ஆகிறதே என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் படத்தைச் சுருட்டாமல் பத்திரமாகச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு என்னைக் குறை சொன்னார்: "மொதல்லயே புஷ்ஷுன்னு சொல்லியிருக்கலாம்ல மேடம்? நீங்க பாட்டுக்கு கை கைன்னுகினு இருந்தீங்கோ."

மூன்று தெரு

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. எனக்கும் அழைப்பு இருந்தது, போனேன். மைக் செட்டுக்குப் பக்கத்தில் அண்டா அண்டாவாகக் கூழ். வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே தீச்சட்டி தயாராக இருந்தது. மஞ்சள் புடவையில் பச்சையம்மா அதிகாரமாக நின்றார். அக்காவிடம் பேசுவதாக என்னிடம் சத்தியம் பண்ணிய ஏழுமலை, ஒரு கோளாறும் இல்லாத ஸ்பீக்கர் ஒயரைப் பிடித்து ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறையில் சிங்கம், அக்கா முன்னால் இப்படி. சரி, நாமே சண்டை போடலாம் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். அதற்குள் தேவகி வந்துவிட்டாள்.

"வா, கைய நீட்டு," என்றார் பச்சையம்மா.

"நீட்டறேன் அண்ணி. இதோ, நல்லா நீளுது பாருங்கோ," என்று தேவகி வலது கையை நீட்டினாள். "ஆனா சட்டி தூக்க மாட்டேன்."

தெருவே திரும்பிப் பார்த்தது. வேண்டுதலை மீறினால் என்ன ஆகும் தெரியுமா என்று பச்சையம்மா குரலை உயர்த்தினார். தேவகி உயர்த்தவில்லை. "எனக்கு எத்தினி வருசம் தல தேச்சி வுட்டீங்கோ, குழம்பு வச்சி போட்டீங்கோ. அத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா வேண்டிக்கினது நீங்கோ. என்னிய ஒரு வார்த்த கேட்டீங்களா? இந்தக் கை போச்சுன்னா மறுபடி தட்டுல வாய வச்சி துன்னணும். அண்ணி, அது மட்டும் என்னால முடியாது."

பச்சையம்மா சட்டியைப் பார்த்தார், தேவகியின் நீட்டிய கையைப் பார்த்தார். அவள் குனிந்து சாப்பிட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர்தானே. பூசாரி மெல்ல, வேண்டிக்கொண்டவரே எடுத்தாலும் ஆத்தா ஏற்றுக்கொள்வாள் என்றார். "எனக்குத் தெரியும், நீ ஒண்ணும் சொல்ல வாணாம்," என்று அவர்மேல் எரிந்து விழுந்துவிட்டு, பச்சையம்மா சட்டியைத் தானே தூக்கினார். மூன்று தெருவும் சுற்றினார். தேவகி ஒரு கொத்து வேப்பிலையோடு கடைசிவரை அவர் பக்கத்திலேயே நடந்தாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே நடந்தேன். மார்க் போடும் படிவத்தில் ஆயிரம் 'மிகச் சிறப்பு' எழுதியிருக்கிறேன், ஒன்றுக்கும் இப்படிப் பின்னால் போனதில்லை.

திரும்பி வந்ததும் கூழ் ஊற்றினார்கள். எதிர்வீட்டு அம்மாள் ஒருவர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி வந்தார். "இன்னா தேவகி, அவ்ளோ பெரிய ஆபரேசன் பண்ணியும் ஒரு சட்டி தூக்க முடியலயே. கை இன்னும் சரியாவலயா?"

தேவகி வலது கையால் டம்ளரை எடுத்து, தலை நிமிர்ந்து, நிதானமாகக் குடித்து முடித்தாள். அதே கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியாயிடுச்சிக்கா. அதனாலதான் தூக்கல."

முழங்கையை மாற்ற ஆனது இரண்டரை மணி நேரம், அது யாருடைய கை என்று தீர்மானம் ஆகப் பதினாறு மாதம். இதில் பெரிய ஆபரேஷன் எது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.